காத்து வருது, குளிர் வரல

அந்த வருஷம் ஜூன் மாதமே வெயில் எங்கள் தென் பிரான்ஸ் ஊரைப் பிடித்துக்கொண்டது. பீச் தோப்புகளில் பழம் பறிக்கிறவர்கள் இருட்டு பிரியும் முன்பே ஏணியோடு உள்ளே போய், வெயில் ஏறுவதற்குள் வெளியே வந்துவிட்டார்கள். மிச்சப் பழம் மரத்திலேயே வெந்தது. தோப்புப் பக்கமிருந்து காற்றடித்தால் ஜாம் காய்ச்சுகிற வாசனை வரும். ரோன் ஆறு இறங்கி நடுவில் மணல் திட்டுகள் எழும்பியிருந்தன. மத்தியானமானால் தெருவில் எல்லா வீட்டு ஜன்னல்களும் மரக்கதவு சாத்திக் கிடக்கும். எங்கள் எதிர்வீட்டு அர்மானின் கார்ப் பட்டறை மட்டும் திறந்திருக்கும்.

அவனுக்கு அதுதான் சீசன். ஆர்ல் சாலையில் போகிற வருகிற வண்டிகளெல்லாம் ஏசி குளிரவில்லை என்று அங்கேதான் வந்து நிற்கும். அர்மான் உடனே பானெட்டைத் தூக்க மாட்டான். டிரைவர் சீட்டில் உட்கார்ந்து ஏசியைப் போட்டு, காற்று வருகிற துவாரத்தின் முன்னால் புறங்கையை வைப்பான். "காத்து வருது, குளிர் வரல. அப்ப விசிறி நல்லாத்தான் இருக்கு. சீக்கு உள்ள இருக்கு" என்பான். பிறகு ஒவ்வொன்றாகப் பார்ப்பான். ஃபில்டரில் தூசி அடைத்திருக்கிறதா, முன்பக்க ரேடியேட்டரில் பூச்சி ஒட்டி மூடியிருக்கிறதா, ஃபியூஸ் போயிருக்கிறதா, கேஸ் கசிகிறதா. அவசரப்படுகிற ஆட்களைக் கண்டால் அவனுக்குப் பிடிக்காது. "ஒடனே கேஸ் அடின்னு சொல்றவன், தலைவலின்னா தலையை மாத்துன்னு சொல்றவன்" என்று திட்டுவான்.

நான் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். கோடை விடுமுறை முழுக்க என் பஸ் அவன் முற்றத்து ஓரத்தில்தான் நிற்கும். நானும் பாதி நாள் அங்கேதான். அர்மானைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டாலும், போனது அவன் பெண்சாதி ஒதிலைப் பார்க்கத்தான்.

ஒதில் எங்கள் பிரதேசத்துக்காரி இல்லை. வடமேற்கே பிரத்தாஞ் கடற்கரையில், மத்தி மீனை டப்பாவில் அடைக்கிற ஊரில் பிறந்தவள். இருபது வயதில் பீச் பறிக்க ஒரு கோடைக்கு வந்தாள், அர்மானைக் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டாள். ஊரில் அவளுக்கு மழைக்காரி என்று பெயர். நாங்கள் எல்லாவற்றுக்கும் ஆலிவ் எண்ணெய் ஊற்றுவோம். அவள் எல்லாவற்றுக்கும் உப்பு வெண்ணெய் போடுவாள். "மழைக்காரி, உன் ஊர்ல சூரியன்னு ஒண்ணு இருக்காமே, ஃபோட்டோவுலயாவது பாத்திருக்கியா?" என்று ரொட்டிக் கடையில் வம்பிழுப்பார்கள். "பாத்தோமே, வேணாம்னு உங்களுக்கு அனுப்பிட்டோம். அதான் உங்க மூஞ்சியெல்லாம் காஞ்ச அத்திப்பழமா கிடக்கு" என்பாள்.

நாற்பது தாண்டியபோது அவளுக்கு நோய் வந்தது. நரம்புகளின் மேலுறை அங்கங்கே தேய்ந்துபோகிற நோய். குளிர்காலத்தில் கைத்தடியோடு ஊரைச் சுற்றி வருவாள். உடம்பு சூடேறினால் மட்டும் கண் மங்கும், கால் துணியாகத் துவண்டுவிடும். உடம்பு குளிர்ந்தால் திரும்பி வந்துவிடும். வெயில்தான் அவளுக்கு எதிரி. எங்கள் ஊரில் வெயிலுக்கு என்ன குறை?

படுக்கையறையில் அர்மான் ஒரு ஏசி பொருத்திக் கொடுத்தான். பழைய கல் வீடு. மற்ற அறைகள் ராத்திரியிலும் அனலடிக்கும். மே மாதத்திலிருந்து அக்டோபர் வரை ஒதில் அந்த ஓர் அறைக்குள்தான். சாயங்காலம் பட்டறையைச் சாத்தியதும் அர்மான் காரைப் பத்து நிமிஷம் ஓடவிட்டு உள்ளே குளிரேற்றுவான். பிறகு அவளைத் தூக்கி வந்து முன் சீட்டில் உட்கார வைப்பான். பின் சீட்டில் அவன் தம்பி லுலு. மூவரும் நெல்வயல் பக்கம், கால்வாய்க் கரை, கறுப்புக் காளைகள் மேய்கிற புல்வெளி என்று சுற்றிவிட்டு வருவார்கள். வழியில் யாராவது கையாட்டினால் அர்மான் நிறுத்துவான். ஒதில் கண்ணாடியை இரண்டு விரல் அளவுக்கு இறக்கி, அந்த இடுக்கு வழியாக ஊர்க்கதை முழுவதையும் வாங்கிக்கொள்வாள்.

லுலு டவுன் சிண்ட்ரோமோடு பிறந்தவன். நாற்பத்தைந்து வயதிருக்கும். அவர்கள் அம்மா சாகும்போது அவன் கையைப் பிடித்து ஒதில் கையில்தான் கொடுத்தாள், அர்மானிடம் கொடுக்கவில்லை. லுலுவுக்கு வேலை உண்டு. அவனைப் போன்றவர்களுக்கென்று நடத்துகிற தொழிற்கூடத்தில் பழப்பெட்டிகளுக்கு மூடி ஒட்டுகிறான். அந்த வேலையைப் பற்றி அவனுக்கு இருக்கிற பெருமை நிம் நகர மேயருக்குக்கூட இருக்காது.

ஜூலை ஆரம்பத்தில் ஒரு சாயங்காலம் அவர்கள் போன வேகத்திலேயே திரும்பி வந்தார்கள். அர்மான் ஒதிலைத் தூக்கிக்கொண்டு ஓடினான். லுலு காரிலிருந்து இறங்கி எனக்குச் செய்தி சொன்னான்.

"தெனீஸ், காரு கெட்டுப்போச்சு. வாயால ஊதற மாதிரி ஊதுது."

மறுநாள் காலை அர்மான் காரைப் பட்டறைக்குள் நிழலில் நிறுத்தி ஏசியைப் போட்டான். ஜில்லென்று வந்தது. கேஜை மாட்டி அழுத்தம் பார்த்தான், சரியாக இருந்தது. ஃபில்டரை உருவித் தட்டினான், ஃபியூஸைப் பார்த்தான். குழாய் இணைப்பு ஒன்றில் லேசாக எண்ணெய்ப் பிசுக்கு தெரிந்தது. "இதோ இருக்கான் திருடன்" என்று ரப்பர் வளையத்தை மாற்றி, கேஸை முழுக்க எடுத்துப் புதிதாக ஏற்றினான்.

இரண்டு நாள் நன்றாக ஓடியது. அப்புறம் மறுபடி கால்வாய்க் கரையில் நின்றது. இந்த முறை ரிலேயை மாற்றினான். பிறகு ஒரு சென்ஸரை. ஒவ்வொரு தடவையும் காலையில் பட்டறையில் பனிக்கட்டி போலக் குளிரும். சாயங்காலம் வழியில் காலை வாரும். ஊரான் வண்டிகளில் ஒரு மணி நேரத்தில் கோளாறைப் பிடிக்கிறவன், சொந்த வண்டியில் முட்டி மோதிக்கொண்டிருந்தான்.

ஒரு மத்தியானம் நான் ஒதிலுக்கு வெள்ளரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது அவன் கையைத் துடைத்துக்கொண்டே அறைக்குள் வந்தான்.

"இன்னிக்கு நிச்சயம் சரியாயிடும். சென்ஸர்தான்."

"அர்மான், நான் ஒண்ணு சொல்லட்டுமா? கெளம்பும்போது நல்லா குளிருது. எங்கயாவது நிறுத்திட்டு மறுபடி எடுத்தா குளிர மாட்டேங்குது. ரொம்ப நேரம் மெதுவா போனாலும் நின்னுடுது."

"கேஸ் கம்மியா இருந்தா அப்படித்தான் இருக்கும்."

"கேஸ்தான் போன தடவையே புதுசா போட்டியே?"

"நீ மெக்கானிக்கா, நான் மெக்கானிக்கா?"

"நீதான். நான் வெறும் சரக்கு" என்று சிரித்தாள் ஒதில். "உன் வண்டியும் என்னை மாதிரிதான் இருக்கு போ. காலையில மணப்பொண்ணு, சாயங்காலம் பொணம்."

அவனுக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை. "வெள்ளரிக்கால உப்பு ஜாஸ்தி போடாத" என்று என்னிடம் எரிந்து விழுந்துவிட்டுப் போனான்.

ஜூலை கடைசியில் ஒதிலுக்குப் புது மூக்குக்கண்ணாடிக்கு அளவெடுக்க ஆர்ல் நகரத்துக்குப் போக வேண்டியிருந்தது. மத்தியானத்துக்கு மேல்தான் நேரம் கொடுத்தார்கள். துணைக்கு என்னையும் கூப்பிட்டாள். அர்மான் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். போகும்போது கார் நன்றாகவே குளிர்ந்தது. லுலு, "பின்னாடி ரொம்பக் குளுருது, ஜலதோஷம் பிடிக்கும்" என்று புகார் சொன்னான். அர்மானுக்கு அது பாராட்டுப் பத்திரம் மாதிரி இருந்தது. "பாத்தியா தெனீஸ்" என்று கண்ணாடியில் என்னைப் பார்த்தான்.

திரும்பும்போது பாலத்தில் ஏதோ விபத்து. வண்டிகள் இரண்டு பக்கமும் நிலங்களாக இருக்கிற சாலையில், மர நிழல்கூட இல்லாமல், ஒன்றின் பின் ஒன்றாக நின்றுவிட்டன. முன்னாலும் லாரி, பின்னாலும் லாரி.

"அர்மான், சத்தம் நின்னுடுச்சு" என்றாள் ஒதில்.

"என்ன சத்தம்?"

"ஏசி போட்டா எஞ்சின்ல டக்குன்னு ஒரு சத்தம் கேக்கும்ல. அப்பப்ப விட்டு விட்டு கேக்கும். இப்ப கேக்கல."

அவன் துவாரத்தில் புறங்கையை வைத்தான். வைத்த கையை எடுக்கவே இல்லை. ஏசியை அணைத்துப் போட்டான், மறுபடி அணைத்துப் போட்டான். காற்று வந்துகொண்டே இருந்தது, அடுப்பு வாயிலிருந்து வருகிற மாதிரி. கண்ணாடிகளை இறக்கினோம். தார்ச் சூடும் லாரிப் புகையும் உள்ளே வந்தன.

கொஞ்ச நேரத்தில் ஒதில், "முன்னாடி நிக்கற லாரி நீலமா, பச்சையா?" என்று கேட்டாள்.

"நீலம்" என்றேன்.

"எனக்குச் சாம்பலா தெரியுது. சரி, லாரியே தெரியல."

அவள் குரலில் பதற்றமே இல்லை. அதுதான் எனக்கு பயமாக இருந்தது. கழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டே போனது. அர்மான் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் குத்தினான். என் பக்கத்தில் லுலு அழ ஆரம்பித்தான். அழுதுகொண்டே தன் தண்ணீர்ப் புட்டியைத் திறந்து எழுந்து, பின்னாலிருந்து அவள் தலையில் முழுவதையும் கவிழ்த்தான். அது புதினா சர்பத். பச்சையாக அவள் நெற்றியில் வழிந்து புருவத்தில் ஒட்டியது.

"லுலு... என்னடா இது, தித்திக்குது" என்றாள் நாக்கு குழற.

"தண்ணி இல்ல. இதான் இருக்கு" என்று தேம்பினான் அவன்.

அர்மான் காரை அப்படியே சாலையோரத்துப் பள்ளத்தில் இறக்கினான். நெல்வயலுக்குத் தண்ணீர் போகிற வாய்க்கால் ஒன்று பக்கத்தில் ஓடியது. ஒதிலைத் தூக்கிக்கொண்டு, நாணலை மிதித்து, சட்டையும் செருப்புமாக அதில் இறங்கி உட்கார்ந்தான். கழுத்து வரை தண்ணீர். அவளை மடியில் போட்டுக்கொண்டு ஒரு கையால் தலையைத் தாங்கி, இன்னொரு கையால் தண்ணீரை அள்ளி அள்ளி ஊற்றினான். லாரிக்காரர்கள் இறங்கி நின்று பார்த்தார்கள். ஒருவன் தன் ஐஸ் பெட்டியைக் கொண்டுவந்து வாய்க்காலில் கவிழ்த்துவிட்டுப் போனான். தீயணைப்புப் படையின் ஆம்புலன்ஸ் வருகிறவரை அர்மான் வாய் ஓயாமல் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தான். வேறெதுவும் இல்லை. "இதோ குளிர்ந்துடும், இதோ குளிர்ந்துடும்" என்பதுதான்.

நிம் ஆஸ்பத்திரியில் சில நாட்கள் வைத்திருந்தார்கள். கண் திரும்பியது. கால்கள் திரும்பின, ஆனால் நிற்கும்போது நடுங்கின. அங்கிருந்த பெண் டாக்டர் நிதானமாக எடுத்துச் சொன்னார். சூடு நோயை வளர்ப்பதில்லை, இருக்கிற நோயை வெளியே கொண்டுவந்து காட்டுகிறது, அவ்வளவுதான். ஆனால் வருஷத்தில் பாதி ஓர் அறையில் படுத்துக் கிடந்தால் கால்களில் மிச்சமிருக்கிற தெம்பும் போய்விடும். அது போனால் வராது. நடக்க வேண்டும், தினமும் நடக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்த மறுநாள் நான் தக்காளியில் இறைச்சி திணித்துச் சுட்டு எடுத்துப் போனேன். ஏசி ஓடுகிற அந்த அறையில்தான் எல்லாரும் சாப்பிட்டோம். ஒதில் கட்டிலில் சாய்ந்திருந்தாள். மடியில் தட்டு. லுலு தரையில் உட்கார்ந்து திணித்த இறைச்சியை மட்டும் தோண்டித் தின்றுகொண்டிருந்தான்.

"அனிக்கோட பேசினேன்" என்றாள் ஒதில். அனிக் அவளுடைய அக்கா. பிறந்த ஊரில் தனியாக இருக்கிறாள்.

"தினம் பேசறதுதானே."

"அவ வீட்டுல கீழ் அறை சும்மாதான் கிடக்குதாம். நேத்து அங்க ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு கடைக்குப் போனாளாம்."

"நல்லதாப் போச்சு. நானே சொல்லணும்னு நெனச்சேன். ஒரு ரெண்டு வாரம் போய் இருந்துட்டு வா."

"ரெண்டு வாரம் இல்ல, அர்மான்."

அவன் ரொட்டியைக் கிழித்துத் தட்டைத் துடைத்தான். தட்டில் துடைக்க எதுவும் இல்லை.

"செப்டம்பர் வரைக்குமா?"

அவள் மடியிலிருந்த தட்டை எடுத்துக் கட்டிலோரம் வைத்தாள்.

"இந்தக் கார் ஏசிக் கோளாறைக் கண்டுபிடிச்சுடறேன். ரெண்டு நாள் குடு. அதைச் சரி பண்ணிட்டா..."

"சரி பண்ணிட்டா?"

"முன்ன மாதிரி சாயங்காலம் போலாம்ல."

"முன்ன மாதிரி" என்றாள் ஒதில். "நீ என்னை இந்தப் பெட்டியில இருந்து தூக்கி அந்தப் பெட்டியில வைக்கிற. அதுல இருந்து தூக்கி மறுபடி இதுல வைக்கிற. வருஷத்துல பாதி என் கால் தரையில படறதே இல்ல. உன் மேல ஒரு குறையும் இல்ல. இவ்வளவு செய்யறவன் ஊர் உலகத்துல இல்ல. ஆனா எனக்கு நடக்கணும், அர்மான். எங்க போறேன்னுகூட இல்ல. மீன் மார்க்கெட் வரைக்கும் போய் நாலு பேரைத் திட்டிட்டு வரணும்."

"அப்ப நானும் வரேன். பட்டறையை வித்துடலாம். அங்க காரு இல்லையா, ரிப்பேர் இல்லையா?"

"லுலு?"

லுலு தலை தூக்கினான். "எனக்கு திங்கக்கிழமை வேலை இருக்கு" என்றான்.

இரண்டு வருஷத்துக்கு முன்பு அவனையும் கூட்டிக்கொண்டு அங்கே போய்த் தங்கிப் பார்த்தார்கள். முதல் நாளிலிருந்து சாப்பிடவில்லை. "என் பெட்டிக்கெல்லாம் மூடி யாரு ஒட்டறா?" என்று கேட்டுக் கேட்டு, முழங்கையைப் பிறாண்டிப் பிறாண்டி ரத்தமாக்கிக்கொண்டான். திரும்பி வந்து எங்கள் ஊர் எல்லையில் நீர்த் தொட்டிக் கோபுரம் கண்ணில் பட்டபோதுதான் வாயைத் திறந்து ரொட்டி கேட்டான். அவனை இங்கே ஒரு விடுதியில் விட்டுவிடலாம் என்று யாரோ சொன்னபோது, அர்மானுக்கு முன்னால் ஒதில்தான் கோபப்பட்டாள்.

"நீ இவனோட இருக்கணும். நான் அங்க இருக்கணும்" என்றாள் இப்போது. "எத்தனை தடவை திருப்பித் திருப்பிப் போட்டுப் பாத்தாலும் அப்படித்தான் வருது."

அர்மான் எழுந்து தட்டுகளை அடுக்கி எடுத்துக்கொண்டு போனான். அடுக்களையில் வெகுநேரம் குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் மத்தியானம், காக்கா குருவி வெளியே வராத நேரத்தில், என் வீட்டுக் கதவைத் தட்டினான்.

"தெனீஸ், ஒரு உதவி பண்ணு. வந்து கார்ல உக்காரு."

காரைப் பட்டறைக்குள் வைக்காமல் முற்றத்தின் நட்ட நடுவில் வெயிலில் நிறுத்தியிருந்தான். காலையிலிருந்தே அங்கேதான் காய்ந்துகொண்டிருந்ததாம். சீட்டில் உட்கார்ந்தால் தொடை பொசுங்கியது.

"எஞ்சினை ஓடவிட்டு ஏசியைப் போட்டுக்க. துவாரத்துல கையை வச்சுக்கிட்டே இரு. குளிர் நின்ன நிமிஷம் ஹார்ன் அடி. நானா சொல்றவரைக்கும் எதையும் அணைக்காத."

பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு கையில் டார்ச்சோடு எஞ்சினுக்கு மேல் குனிந்து நின்றான். சில்வண்டுகளின் இரைச்சல் காதை அடைத்தது. முதலில் நன்றாகக் குளிர்ந்தது. எவ்வளவு நேரமென்று தெரியவில்லை, கை மரத்துப் போனது. அப்புறம் மெல்ல, ஒருவர் மனசு மாறுகிற மாதிரி, காற்று மாறியது. வெதுவெதுப்பாயிற்று. ஹார்ன் அடித்தேன்.

"அப்படியே இரு!" என்று கத்தினான். "பெல்ட் ஓடுது... புல்லி சுத்துது..." பிறகு சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தேன். அவன் பட்டறைக்கு ஓடி விளக்குமாற்றுக் கட்டையை எடுத்து வந்தான். எஞ்சினின் இடுக்கு வழியாக அதை விட்டு எதையோ லேசாக ஒரு தட்டு தட்டினான்.

டக்.

என் விரல் நுனியில் குளிர் வந்து தொட்டது.

"வந்துடுச்சு!" என்றேன்.

"அணைச்சுப் போடு."

அணைத்துப் போட்டேன். குளிர் வரவில்லை. கட்டையால் தட்டினான். வந்தது. மறுபடி, மறுபடி. பிறகு கட்டையைக் கீழே போட்டுவிட்டு, கொதிக்கிற பம்பரில் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"கேஸும் இல்ல, மண்ணும் இல்ல. கம்ப்ரஸர் முன்னாடி ஒரு தட்டு இருக்கு. ஏசி போட்டா காந்தம் அதை இழுத்துப் புல்லியோட ஒட்ட வைக்கும். அதுதான் அந்த டக். தட்டு தேஞ்சு இடைவெளி அதிகமாயிடுச்சு. எஞ்சின் குளுந்திருக்கிறப்போ காந்தம் எப்படியோ இழுத்துடுது. சூடேறினா அதுக்குத் தெம்பு இல்ல. எட்டிப் புடிக்க முடியல."

"நீ எப்பவும் காலையிலேயே பாத்தியே."

"நிழல்ல வச்சுப் பாத்தேன். அவ சொன்னா தெனீஸ். கெளம்பும்போது குளிருது, நிறுத்தி எடுத்தா குளிரலன்னு சொன்னா. பாலத்துக்கிட்ட, கண்ணு போறதுக்கு முன்னாடிகூட, சத்தம் நின்னுடுச்சுன்னு சொன்னா. வேற எவன் வந்து அப்படிச் சொல்லியிருந்தாலும் அன்னிக்கே புடிச்சிருப்பேன். பொண்டாட்டிதானேன்னு..."

தட்டைக் கழற்றினான். அதன் பின்னால் சில மெல்லிய வளையங்கள் இருந்தன. அவற்றில் ஒன்றை, நகக்கண் அளவுக்குத் தடிமன்கூட இல்லாத ஒன்றை, எடுத்துப் போட்டு இடைவெளியைக் குறைத்து, தட்டை மறுபடி மாட்டி முடுக்கினான். அவ்வளவுதான் வேலை. பொழுது சாயும்வரை கார் அந்த வெயிலிலேயே ஓடியது. குளிர் ஒரு தடவைகூட நிற்கவில்லை.

கையைக்கூடக் கழுவாமல் அவன் ஒதிலின் அறைக்கு ஓடினான். நானும் பின்னாலேயே போனேன். தன் தவறுகளை ஒன்றுவிடாமல் சொல்லி, விளக்குமாற்றுக் கட்டையால் தட்டியதை நடித்துக் காட்டினான். ஒதில் சிரித்தாள். கிரீஸ் அப்பிய அவன் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"இனிமே நிக்காதா?"

"நிக்கவே நிக்காது. ஆர்ல் என்ன, ஆப்பிரிக்கா வரைக்கும் போலாம்."

"எங்க ஊர் வரைக்கும் போகுமா?"

அர்மான் அவளைப் பார்த்தான். அவள் அவன் கையை விடவில்லை. கட்டிலுக்கு மேலே ஏசி உறுமிக்கொண்டிருந்தது.

"போகும்" என்றான்.

ஆகஸ்ட் நடுவில் ஒரு சனிக்கிழமை புறப்பட்டார்கள். லுலுவைத் தனியாக விட முடியாது என்று அர்மான் அவனையும் கூட்டிக்கொண்டு போனான். திங்கட்கிழமை வேலைக்குத் திரும்பிவிட வேண்டும் என்று லுலு எல்லாரிடமும் சத்தியம் வாங்கியிருந்தான். ரொட்டிக் கடைக்காரி, பழைய தபால்காரர், முலாம்பழத் தோட்டத்து அண்ணன் தம்பிகள் எல்லாரும் தெருவில் நின்றார்கள். "மழைக்காரி, மழையைக் கொஞ்சம் டப்பாவில அடைச்சு அனுப்பு" என்றார் தபால்காரர். "அக்டோபர்ல பாக்கலாம்" என்றாள் ரொட்டிக் கடைக்காரி. ஒதில் எல்லாரையும் பார்த்துத் தலையாட்டினாள். என்னை மட்டும் கிட்டே கூப்பிட்டு, "லுலுவுக்கு இடது காதுல அடிக்கடி அழுக்கு அடைக்கும். அர்மானுக்கு ஞாபகம் இருக்காது" என்றாள்.

அக்டோபரில் அவள் வரவில்லை. அடுத்த வருஷமும் வரவில்லை. கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் இவர்கள் இருவரும் அங்கே போய் மூன்று நாள் இருந்துவிட்டு வருகிறார்கள். மூன்று நாள் என்றால் லுலு பொறுத்துக்கொள்கிறான். வருவாள், வருவாள் என்று தெருவில் வெகு காலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அர்மான் மட்டும் ஒரு தடவைகூட அப்படிச் சொன்னதில்லை. ஏனென்று எனக்குத் தெரியும். விட்டுவிட்டுத் திரும்பி வந்த அந்தத் திங்கட்கிழமை, லுலுவை வேலைக்கு அனுப்பிவிட்டு, என் பஸ்ஸைப் பார்க்க வந்தபோது சொன்னான். பள்ளிக்கூடம் திறக்கும் முன்பு பஸ்ஸைச் சோதித்துத் தர வேண்டும்.

"ஏசி வழியில நல்லா ஓடுச்சா?" என்று கேட்டேன். வேறு என்ன கேட்பதென்று தெரியவில்லை.

"குறை சொல்ல முடியாது" என்றான். "லுவார் ஆறு தாண்டற வரைக்கும் கல்லு மாதிரி ஓடுச்சு. அப்புறம் மேகம் போட்டுது. அணைச்சிடலாம்னு அவ சொன்னா. இருக்கட்டுமேன்னேன். கொஞ்ச தூரம் போனதும் அவளே அணைச்சா."

டயர் ஒன்றைக் காலால் தட்டிப் பார்த்தான்.

"ஒரு எடத்துல நிறுத்தினேன், பெட்ரோல் போட. தூறல். சக்கர நாற்காலியை எடுக்கப் பின்னாடி போனேன். அவ பெட்டி, லுலு பை, எல்லாத்தையும் இறக்கி, நாற்காலியை விரிச்சுத் திரும்பறேன், சீட்டுல ஆள் இல்ல. லுலுவைக் கேட்டா, 'போயிட்டா'ங்கறான். எனக்கு உயிரே இல்ல. பாத்தா, தடியை ஊணிக்கிட்டு வண்டிங்க நிக்கற மைதானத்துல நடுவால போய்க்கிட்டிருக்கா. எதையும் புடிச்சுக்கல. ஆளுங்க வழி விடறாங்க. கடைக்குள்ள போனா. நான் நாற்காலியைப் புடிச்சுக்கிட்டு அங்கேயே நிக்கறேன். ரொம்ப நேரம் கழிச்சு வெளிய வந்தா. ஒரு கையில தடி, ஒரு கையில காபி. லுலுவுக்கு வாங்கின சாக்லேட்டை வாயில கவ்விக்கிட்டு வரா. தலையெல்லாம் நனைஞ்சு, மூஞ்சியெல்லாம் தண்ணி. அந்த மூஞ்சியை நான் பாத்து எத்தனை வருஷமாச்சு தெரியுமா?"

"என்ன சொன்ன அவகிட்ட?"

"'காபி ஆறிடும், உள்ள ஏறு'ன்னேன்." டயரில் ஒட்டியிருந்த மண்ணைச் சுரண்டினான். "வழி முழுக்க ஒண்ணு சொல்லணும்னு வச்சிருந்தேன். வெயில் தணிஞ்சதும் வந்து கூட்டிட்டு வந்துடறேன்னு. வீட்டுல இருந்து அதையேதான் மனசுக்குள்ள சொல்லிப் பாத்துக்கிட்டே வந்தேன். அதுக்கப்புறம் எப்படிச் சொல்றது? சொல்லல."

ஸ்பேனரை எடுத்துக்கொண்டு என் பஸ்ஸுக்கு அடியில் போய்ப் படுத்தான். வெளியே நீட்டிக்கொண்டிருந்த அவன் கால்கள் மட்டும் தெரிந்தன. இரும்பில் இரும்பு படுகிற சத்தம் எதுவும் கேட்கவில்லை. பஸ்ஸில் அன்றைக்கு ஒரு கோளாறும் இல்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். நான் படிக்கட்டில் உட்கார்ந்து, அவனாக வெளியே வரட்டும் என்று காத்திருந்தேன்.